கல்லின் மேல் நகரும் வெளிச்சம்

பெங்களூரு ஹெப்பாளில் 2018ஆம் ஆண்டு பள்ளம் தோண்டியபோது நடுகல் ஒன்று வெளிப்பட்டது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, ஏறத்தாழ பொ.ஆ. 750. சண்டையில் மாண்ட கித்தய்யா என்ற வீரனுக்காக நட்ட கல். பெங்களூரு என்ற பெயரைச் சொல்லும் பேகூர்க் கல்வெட்டைவிட இது ஏறக்குறைய 150 ஆண்டு மூத்தது.

அந்தக் கல்லின் ஒவ்வோர் எழுத்தையும் இன்று கணினித் திரையில் தனித்தனியே பெரிதாக்கிப் பார்க்கலாம். 1909இல் தொடங்கிய வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி, 2021 முதல் நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது.

கையடக்க ஸ்கேனர் கல்லின் மீது ஒளிக்கோலம் ஒன்றை வீசும். மேடு பள்ளத்துக்கேற்ப அது வளையும். அந்த வளைவைக் கேமராக்கள் பிடிக்க, ஒளி விழும் கோணத்தையும் கேமரா பார்க்கும் கோணத்தையும் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் ஆழத்தையும் கணினி கணக்கிடும். எண்ணெய்க் கறை, குங்குமம் எல்லாவற்றின் நிறத்தையும் நீக்கிவிட்டு, வடிவத்தை மட்டும் திரையில் நிறுத்தி, பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சலாம். கண்ணுக்குத் தப்பிய தேய்ந்த கீறல் நிழல் விழுந்து எழுத்தாகத் தெரியும்! கெட்டியாகப் பூசிய பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதை மட்டும் இந்த ஒளியாலும் காண முடியாது.

பழைய முறையில், ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படியில் ஆழம் பதிவாகாது. ஐயம் எழுந்தால் மறுபடி கல்லிடமே போக வேண்டும். அது அங்கே இருக்க வேண்டுமே! கல்வெட்டு ஆய்வாளர் லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியிலுள்ளவற்றில் பல, சாலையும் கட்டடமும் பெருகியதில் காணாமல் போய்விட்டன. இழப்பு கன்னடத்துக்கு மட்டுமல்ல. இந்த வட்டாரத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது.

இந்தப் பதிவுகள் ஆய்வாளரின் கணினியோடு நின்றுவிடக் கூடாது. பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர் நடுகல் இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்ததைச் சொல்லும் அந்தக் கல், காட்டுப்பன்றியோடு போராடி உயிர்விட்ட காளி என்ற வேட்டை நாயையும் போற்றுகிறது. இப்படிப்பட்ட கல்லின் பக்கத்தில் பெரிய திரை வைத்துப் போர்க்காட்சியை ஓடவிட்டால் பார்வையாளர் திரையைத்தான் பார்ப்பார். கல்லைத் திரும்பியும் பார்க்கமாட்டார். சிறிய தொடுதிரை போதும். வெளிச்சத்தைத் தன் விரலால் திருப்பி ஓர் எழுத்தைக் கண்டுபிடித்த சிறுமி, அடுத்து அதைக் கல்லில் தேடுவாள். விளக்கம் கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் வேண்டும். அந்தக் கல் சொல்லும் போர் நடந்த தக்கோலம் இன்று தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அருகேதான் இருக்கிறது.