கலூகா நகரத்து ஆசிரியர்

விண்வெளிக்குப் போக ராக்கெட்தான் வழி என்று கணக்குப் போட்டுக் காட்டியவர், காது சரியாகக் கேளாத ஒரு பள்ளி ஆசிரியர். ரஷ்யாவின் கான்ஸ்தாந்தின் சியோல்கோவ்ஸ்கி, 1857-இல் பிறந்தவர். பத்து வயதுவாக்கில் வந்த காய்ச்சல் அவருடைய செவித்திறனைப் பறித்தது. பள்ளிப் படிப்பு நின்றது. பதினாறு வயதில் மாஸ்கோ போனார். அங்கே வெறும் ரொட்டியில் வயிற்றை ஒப்பேற்றி, மிச்சக் காசைப் புத்தகத்துக்கும் சோதனைகளுக்கும் செலவழித்தார்; நூலகத்தில் உட்கார்ந்து கணிதமும் இயற்பியலும் தாமே கற்றார்.

பிறகு கலூகா நகரில் ஆசிரியர் வேலை. அங்கிருந்தபடியே 1903-இல் ராக்கெட் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். வெளியேறும் வாயுவின் வேகம், எரிபொருளோடும் எரிபொருள் தீர்ந்த பிறகும் ராக்கெட்டுக்கு உள்ள எடை ஆகியவை தெரிந்தால், அது எட்டும் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்று அதில் காட்டினார். திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கலாம் என்றும் எழுதினார். ரைட் சகோதரர்களின் விமானம் பறந்ததே அந்த ஆண்டின் இறுதியில்தான்!

அவருடைய நம்பிக்கைகள் இன்னும் வியப்பானவை. ஒவ்வோர் அணுவுக்கும் உணர்வு உண்டு, பிரபஞ்சம் முழுவதும் உயிர்த்துடிப்புள்ளது, மனித இனம் ஒருநாள் விண்வெளியெங்கும் பரவி வாழும் என்று உறுதியாக நம்பினார். அணுவுக்கு உணர்வு உண்டு என்பதை அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் ராக்கெட் கணக்குகளைப் போடவைத்தவை இந்த நம்பிக்கைகள்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1935-இல் அவர் காலமானார். 1961-இல், விண்வெளி சென்று திரும்பிய யூரி ககாரின், கலூகாவில் சியோல்கோவ்ஸ்கி பெயரிலான அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டினார்.