தலையெழுத்து அல்ல... தலைப்பரு!

"என்ன சார் இது, தலையில பட்டாணி பட்டாணியா?"

சலூன்காரர் கேட்டதும் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பெஞ்சில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த நாலு பேரும் நிமிர்ந்து என் பின்மண்டையைப் பார்த்தார்கள். மூன்று வருஷம் காப்பாற்றிய ரகசியம் அம்பேல்!

பிடரிக்கு மேலே சின்னச் சின்னதாய், சீழ் கோத்த பருக்கள். தொட்டால் வலி, தொடாவிட்டால் அரிப்பு. ஆபீஸில் ஃபைலைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே இடது கை தானாக மேலே போய் ஒன்றைக் கிள்ளும். மானேஜர் 'பையன் ஆழ்ந்த யோசனையில் இருக்கான்' என்று நினைத்துக் கொள்வார்!

"உடம்பு சூடுடா" என்று அம்மா சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்து விட்டாள். இன்னும் நாலு முளைத்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன். ஒரே வாரத்தில் மாயம். அடுத்த மாதமே கூட்டணி சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது!

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன்.

"பார்க்கத்தான் பரு மாதிரி இருக்கும் தம்பி. இது மயிர்க்கால்ல வர்ற அழற்சி. முடி முளைக்கிற குழிக்குள்ள பாக்டீரியாவோ, ஈஸ்ட்டுங்கிற பூஞ்சையோ பெருகிடுது. வேர்வை, எண்ணெய், ஹெல்மெட் உரசல் எல்லாம் அதுக்குக் கொண்டாட்டம். நீங்க தடவின ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு. வீக்கத்தை அமுக்கும், கிருமியை வளர விட்டுடும்."

"பயப்பட ஒண்ணுமில்லையே டாக்டர்?"

"பரு போயிடும். ஆனா கிள்ளிக் கிள்ளித் தழும்பாயிட்டா, அங்கே முடி திரும்ப முளைக்காது" என்றவர், இரண்டு கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைக் காட்டினார். எட்டணா அளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம்!

பகீர் என்றது. அடுத்த மாதம் பெண் பார்க்கப் போக வேண்டும். எதிரே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடும் வரை சரி. கிளம்பும்போது முதுகைக் காட்டித்தானே ஆகவேண்டும்?

டாக்டர் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிஷம் ஊற விட்டு அலச வேண்டும். இது எனக்கு. உங்களுக்கு பாக்டீரியாவா, ஈஸ்ட்டா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஈஸ்ட் என்றால், நாமே ஆன்ட்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவதில் அது அதிகமாகவும் செய்யும்.

மற்றபடி என் கட்டுப்பாடுகள் இவைதான்:

ஹெல்மெட்டைக் கழற்றி எறியாதீர்கள். தலை இருந்தால்தானே பரு! உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டி, தினமும் துவையுங்கள். வியர்த்த தலையோடு படுக்காதீர்கள். தலையணை உறையை வாராவாரம் மாற்றுங்கள். சீப்பு உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். பரு இருக்கும்போது எண்ணெயும் வேண்டாம், மொட்டை ஆசையும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

முக்கியமான விஷயம்: பரு மறைந்த அன்றே ஷாம்புவைத் தலைமுழுகி விடாதீர்கள். டாக்டர் சொன்ன வரை தொடருங்கள். நான் மூன்று வருஷம் அவஸ்தைப்பட்டது கையாலும் அவசரத்தாலும்தான்.

ஆறு மாதமாகப் புதுப் பரு இல்லை. அந்த வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. பெண் வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா தன் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்:

"அதனால என்ன மாப்ளே... எனக்கு முடியே ஒரு வட்டம்தான் இருக்கு!"