காத்திருக்க வேண்டாம்

இரண்டு வயதாகியும் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை; கூப்பிட்டால் திரும்புவதில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பார் பாட்டி. ஆறுதல் சரி, ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவில் 'ஆரம்பநிலை இடையீட்டு மையம்' பற்றிக் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், 18 வயது வரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். தடுப்பூசி அட்டையை மறக்காதீர்கள். குறைபாடு உறுதியானால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியதும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். அறிவுசார் குறைபாடுள்ள, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். இன்னொன்று: வீட்டில் பிள்ளை நடந்துகொள்வதை போனில் வீடியோ எடுத்துப் போங்கள். டாக்டரைப் பார்த்ததும் பல பிள்ளைகள் சமத்தாகிவிடும்!