சேமலாப நிதி: முதுமைக்கு முன் கை வைக்கலாமா?

விவசாயக் குடும்பங்களாகிய எமக்கும் ஓய்வுகாலச் சேமிப்புக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் கேட்கலாம். ஆனால், மண்வெட்டியை மட்டும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் எம்மிடையே குறைவு. 1990 இல் மூடப்பட்ட காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் தகப்பன் வேலை செய்திருப்பார். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் தாயும் தகப்பனும் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்து உழைத்திருப்பார்கள். போர் முடிந்த பின்னர் மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருப்பாள். மகன் அரிசி ஆலையிலோ கடையிலோ சம்பளத்துக்கு நின்றிருப்பான். இவர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் ஊழியர் சேமலாப நிதியில் பணம் இருந்திருக்க வேண்டும்; இன்றும் இருக்கக்கூடும்.

அந்தப் பணத்தை முன்கூட்டியே எடுக்க முடியுமா, எடுத்தால் வரி வெட்டுவார்களா என்ற இரண்டு கேள்விகளும் எம்மிடம் அடிக்கடி வருகின்றன. எடுப்பது நல்லதா என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. மூன்றையும் இங்கே சேர்த்துப் பார்ப்போம்.

இது யாருடைய பணம்?

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உருவானது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகிறது. அதனுடன் முதலாளி தன் பையிலிருந்து 12 சதவீதம் சேர்க்க வேண்டும். இந்த 12 சதவீதத்தைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டுவது சட்டவிரோதம். பணத்தை இலங்கை மத்திய வங்கி பராமரிக்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம்.

1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற இன்னொன்றும் உண்டு. இதற்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார்.

மாதம் 30,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரிடமிருந்து 2,400 ரூபாவும் முதலாளியிடமிருந்து 3,600 ரூபாவுமாக மாதம் 6,000 ரூபா சேமலாப நிதிக்குப் போகிறது. நம்பிக்கை நிதிக்கு 900 ரூபா. ஆண்டொன்றுக்குச் சேமலாப நிதியில் மட்டும் 72,000 ரூபா சேர்கிறது. தற்காலிகம், அமயம், துண்டு வேலை என்று சொல்லி முதலாளி தப்ப முடியாது. முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு.

தன் சொந்த வயலில் பாடுபடும் விவசாயிக்கு இப்படிப் பாதிப் பங்குக்கு மேல் போட்டுத் தரும் முதலாளி இல்லை. விவசாயிகளுக்கென 1987 இல் கொண்டுவரப்பட்ட ஓய்வூதியத் திட்டமும் நிதி வற்றி, 2012 அளவில் கொடுப்பனவு தடைப்பட்டு, பின்னரே மீண்டும் தொடங்கியது. ஆகவே எமது குடும்பத்தில் சம்பளத்துக்குப் போனவரின் கணக்குத்தான் பெரும்பாலும் அந்த வீட்டின் ஒரே முதுமைச் சேமிப்பு. அதைத் தொடுமுன் யோசிக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

எந்தெந்த வேளையில் எடுக்கலாம்?

ஓய்வுபெறும் ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் முழுத் தொகையையும் கோரலாம். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியபோதும், சேமலாப நிதிக்கான இந்த வயதெல்லை மாறவில்லை.

அந்த வயதுக்கு முன் முழுவதையும் பெறச் சட்டம் சில வழிகளையே விட்டிருக்கிறது. திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண் பெறலாம். நிரந்தரமாக உழைக்க முடியாதபடி உடல் இயலாமைக்கு உள்ளானவர் மருத்துவச் சான்றுடன் பெறலாம். ஓய்வூதியமுள்ள அரச வேலையில் சேர்பவர் பெறலாம். நாட்டைவிட்டு நிரந்தரமாகக் குடிபெயர்பவர் பெறலாம். மத்திய கிழக்குக்கு ஒப்பந்த வேலைக்குப் போவது நிரந்தரக் குடிபெயர்வு ஆகாது. அங்கத்தவர் இறந்தால் அவர் நியமித்தவருக்கோ சட்டப்படியான உரித்தாளருக்கோ பணம் சேரும்.

வேலையில் இருந்துகொண்டே ஒரு பகுதியைப் பெறும் வழி 2012 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. 2015 இலிருந்து நடைமுறையில் உள்ளது. 10 ஆண்டுகளுக்குப் பங்களிப்புச் செய்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவாவது வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்கோ மருத்துவச் சிகிச்சைக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். கிணறு வெட்டவோ, விதைநெல் வாங்கவோ, பழைய கடனை அடைக்கவோ இது தரப்படுவதில்லை.

பணத்தை எடுக்காமலே பயன்படுத்தும் வழியும் உண்டு. நிலுவையின் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் பெறலாம். ஆனால் தவணை தவறினால் கடன் சேமலாப நிதியிலிருந்தே கழிக்கப்படும். வட்டியை முன்கூட்டியே கேட்டறிந்து, போகங்கள் பொய்த்தாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் பார்த்த பின்னரே இதில் இறங்க வேண்டும்.

நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் விதி இதைவிட இலகுவானது. வேலையை விட்டதும் அதைக் கோரலாம். ஆனால் ஒருமுறை எடுத்தவர் அடுத்த முறை எடுக்க 5 ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அவசரத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சிறிய கணக்கைத்தான்.

கலியாணத்தோடு கரையும் சேமிப்பு

முன்கூட்டிய வழிகளுள் எமது பெண்பிள்ளைகள் நாடுவது திருமண வழியே. பத்தொன்பது வயதில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை, இருபத்தைந்தில் திருமணம் பேசியதும் வேலையை விட்டுச் சேமலாப நிதியைக் கோருகிறாள். வந்த பணம் நகையாகவும் பந்தலாகவும் சீதனமாகவும் மாறுகிறது. சில வீடுகளில் அந்தப் பணம் அவள் கையில் ஒருநாளும் தங்குவதில்லை.

மேலே சொன்ன 30,000 ரூபாச் சம்பளத்தில் ஆறு ஆண்டுகளுக்கு அவள் கணக்கில் வட்டி சேராமலே 4 இலட்சத்து 32 ஆயிரம் ரூபா இருக்கும். அதைத் தொடாமல் 50 வயது வரை விட்டு, ஆண்டுக்கு 9 சதவீத வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், 25 ஆண்டுகளில் அது 37 இலட்சத்தைத் தாண்டும். அன்றைய 37 இலட்சத்துக்கு இன்றைய பெறுமதி இராது என்பது உண்மை. ஆனால் செலவழிந்த பணத்துக்கு எந்தப் பெறுமதியும் இராது. கணவனை இழந்தோ கைவிடப்பட்டோ தனித்து நிற்கும் பெண்கள் எம்மிடையே எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். திருமணத்தின்போது இந்தப் பணத்தைக் கோரலாம் என்பது ஓர் உரிமை. கோரியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைப் பெற்றோரும் மாப்பிள்ளை வீட்டாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வரி பற்றிய பயம்

முன்கூட்டி எடுத்தால் பாதியை அரசு வெட்டிவிடும் என்ற கதை ஊரில் உலவுகிறது. இது பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் சொல்வதைக் கேட்டு வந்தது. அவர்கள் சொல்வது அவரவர் நாட்டுக்குப் பொருந்தும். கனடாவில் பதிவுசெய்யப்பட்ட ஓய்வுச் சேமிப்புத் திட்டத்திலிருந்து பணம் எடுத்தால், கியூபெக் தவிர்ந்த இடங்களில், தொகைக்கேற்ப 10, 20, 30 சதவீதம் எனப் பிடித்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் 59½ வயதுக்கு முன் எடுத்தால் சில விதிவிலக்குகள் தவிர, வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் தண்டம். பிரித்தானியாவில் விதிக்கு மாறாக எடுத்தால் வரி 55 சதவீதம் வரை போகலாம்.

இலங்கையின் வழி வேறு. இங்கே தண்ட வரி போட்டு மறிப்பதில்லை. வயதையும் காரணத்தையும் காட்டி மறிக்கிறார்கள். வேலையிலிருந்து விலகும்போது கிடைக்கும் இறுதிக் கொடுப்பனவுகளுக்கு 2020 இல் வந்த வரி விகிதப்படி, முதல் 1 கோடி ரூபாவுக்கு வரி இல்லை. அடுத்த 1 கோடிக்கு 6 சதவீதம். அதற்கு மேல் 12 சதவீதம். தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்தவரின் கணக்கு அந்த எல்லையைத் தொடுவது அரிது. ஆகவே வரிக்குப் பயந்து உரிமையைக் கோராமல் இருக்க வேண்டியதில்லை. "வரி கட்டினால்தான் பணம் விடுபடும்" என்று முற்பணம் கேட்பவர் எவராயினும் அவரை நம்ப வேண்டாம்.

எமக்குத் தெரியாமல் கழியும் வரி வேறு இடத்தில் இருக்கிறது. சேமலாப நிதியத்தின் வருமானத்தில் 14 சதவீதம் வரியாகப் போகிறது. மிகுதியிலிருந்தே எமக்கு வட்டி வருகிறது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்ள மறுக்கும் ஓய்வு நிதியங்களுக்கு அந்த வருமானத்தில் 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. சேமலாப நிதியம் மாற்றிக்கொள்ள இணங்கியது. புதிய முறிகளுக்கு 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி. அதற்கு முந்திய 2022 இல் நிதியம் கொடுத்த வட்டி 9 சதவீதம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். பெட்டிக்குள் இருந்தாலும் பணம் தேயும் என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் வீட்டில் வைத்திருந்த காசு அதைவிட வேகமாகத் தேய்ந்தது.

பணத்தை எடுத்து வங்கியில் நிலையான வைப்பில் இடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கி பிடித்து வைக்கிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் அதற்கான பிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் இந்தக் கழிவிலிருந்து விடுபடலாம். வைப்பிடும் நாளிலேயே அந்தப் படிவத்தைக் கேளுங்கள்.

பழைய கணக்கைத் தேடுவோருக்கு

இடம்பெயர்வில் கடதாசிகள் போய்விட்டன என்று பலர் உரிமையைக் கைவிட்டுவிட்டார்கள். கணக்கு அழியவில்லை. வேலை செய்த இடத்தின் பெயர், காலம், அங்கத்துவ இலக்கம் தெரிந்தால் அது, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். உரியவர் தாமே கோருவதற்கு 'கே' படிவம். இறந்தவரின் பணத்துக்கு உரித்தாளர் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

தோட்டத்தில் பதிந்த பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துவராதது மலையகத்திலிருந்து வந்தோரின் பெரிய தொல்லை. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணைத்து விண்ணப்பிப்பது நல்லது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியதால், அதற்கு முன்னும் பின்னும் உழைத்தவர் இரு காலத்தையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும்.

போரில் காணாமற்போனவரின் குடும்பங்களுக்கு இது நெஞ்சை அறுக்கும் காரியம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கென, காணப்படாமைச் சான்றிதழ் என்ற ஒன்றை 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் ஏற்படுத்தியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சேமலாப நிதிக்கு மேலும் என்னென்ன தேவை என்பதைத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் பெறுங்கள்.

இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். ஆண்டுதோறும் கணக்குக் கூற்றைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் வெட்டிய பணம் அங்கே வந்திருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். பிந்திக் கட்டும் முதலாளிக்குச் சட்டம் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கிறது. திருமணமானதும் நியமனத்தைப் புதுப்பியுங்கள்.

எடுக்கத்தான் வேண்டுமென்றால், வீட்டில் உள்ளவர்களை இருத்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணம் போகும் காரியம் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் எமக்கு உதவுமா? நம்பிக்கை நிதி, சங்கக் கடன் என வேறு வழி உண்டா? உழைத்தவருக்கு உழைக்க முடியாத நாள் வரும்போது அவருக்குச் சோறு போடுவது எது? கூரையில்லாத வீட்டுக்குக் கூரை போடுவதும், உயிர் காக்கும் சிகிச்சையும் இந்தக் கேள்விகளுக்கு முன் தலை நிமிர்ந்து நிற்கும். மற்றவற்றுக்கு விதைநெல்லைக் குற்றிச் சாப்பிடுவதற்கு முன் எமது பெரியவர்கள் யோசித்த அளவுக்காவது நாமும் யோசிப்போம்.