எந்தப் பெட்டி எங்கே?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரத்தில் சின்ன லாட்ஜ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டது. வேனில் வந்த பதினைந்து பேர் துண்டும் பையுமாகக் கவுண்டர் முன் நிற்கிறார்கள். மேசையில் பழைய லெட்ஜர் இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர். திரையில் ஒரு படிவம்: பெயர், ஊர், போன் நம்பர், அறை எண், முன்பணம். கேட்பதெல்லாம் சரியான தகவல்தான். ஆனால் ஒரு பதிவு முடிவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. “லெட்ஜரே தேவலை” என்று மேனேஜர் முணுமுணுக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் டேட்டாபேஸில் கோளாறு இருப்பது குறைவு. பெட்டிகளை அடுக்கிய விதத்தில்தான் சிக்கல் இருக்கும்.

டேட்டாபேஸ் தகவலை அட்டவணைகளில் சேமிக்கிறது. அட்டவணையைத் திறந்து நேரடியாகவே தட்டலாம். கை ஒரு வரி தவறினால் இன்னொருவர் கணக்கு மாறிப்போகும். அதனால் ஒரு நேரத்தில் ஓர் ஆளின் தகவலை மட்டும் காட்டும் படிவத்தை இடையில் வைக்கிறோம். அதன் மேல் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு ‘கண்ட்ரோல்’. தட்டுவதற்கு டெக்ஸ்ட் பாக்ஸ், பட்டியலிலிருந்து எடுக்க காம்போ பாக்ஸ், ஆம்–இல்லை என்று குறிக்க செக் பாக்ஸ், பெட்டியின் பெயரைச் சொல்ல லேபிள், வேலையை முடிக்க பட்டன். தகவல் வாங்கும் பெட்டி ஒவ்வொன்றும் அட்டவணையின் ஒரு பத்தியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பெட்டியைத் திரையில் எங்கே நகர்த்தினாலும் அந்தப் பிணைப்பு அறுவதில்லை. அதனால்தான் இடத்தை விருப்பம்போல் மாற்ற முடிகிறது. அதனால்தான் இடத்தைக் குழப்பவும் முடிகிறது.

வரிசை தொலைந்த கதை

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் புரோகிராம் எழுதியவர்களுக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. திரை என்பது 25 வரிகளும் 80 பத்திகளும் கொண்ட கட்டம். ஐந்தாம் வரி, பத்தாம் பத்தியில் இதை எழுது, பக்கத்தில் இதை வாங்கு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் எண் கொடுத்து எழுத வேண்டும். ஒரு பெட்டியை நடுவில் நுழைத்தால் அதற்குக் கீழே உள்ள எண்களையெல்லாம் மாற்ற வேண்டும். ஆனால் அதில் ஒரு வசதி இருந்தது: புரோகிராமில் எந்த வரிசையில் எழுதினோமோ அதே வரிசையில்தான் கர்சர் நகரும்.

1991இல் விஷுவல் பேசிக் என்ற புரோகிராம் எழுதும் கருவியும் 1992 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளும் வந்தன. மவுஸால் பெட்டியை இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும் என்றாயிற்று. அன்றே, கண்ணில் தெரியும் இடம் வேறு, கர்சர் போகும் வரிசை வேறு என்று இரண்டும் பிரிந்தன. டேப் கீயைத் தட்டத் தட்ட கர்சர் போகும் இந்த வரிசைக்கு ‘டேப் ஆர்டர்’ என்று பெயர். ஆக்ஸஸில் புதிதாகச் சேர்க்கும் பெட்டி, திரையில் எங்கே இருந்தாலும், டேப் ஆர்டரின் கடைசியில் போய் நிற்கும். போன் நம்பருக்குக் கீழே ‘வண்டி எண்’ சேர்த்திருப்பீர்கள். கர்சரோ முன்பணம் வரை போய்விட்டுத்தான் அங்கே திரும்பி வரும்.

இதைச் சரிசெய்ய டேப் ஆர்டர் ஜன்னலில் ‘ஆட்டோ ஆர்டர்’ என்ற பட்டன் உண்டு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று அது அடுக்கித் தரும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. நம் லாட்ஜ் படிவத்தில் இடதுபக்கம் பெயர், முகவரி, போன்; வலதுபக்கம் அறை எண், வாடகை, முன்பணம் என்று இரண்டு பத்திகளாகப் பிரித்திருந்தால், கர்சர் பெயரிலிருந்து அறை எண்ணுக்கும், அங்கிருந்து முகவரிக்கும், பிறகு வாடகைக்கும் தாவும். வந்தவர் முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது படிவம் அறை எண்ணைக் கேட்கிறது. இரண்டு பத்தி வைத்தால் வரிசையைக் கையால்தான் அடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஆக்ஸஸில் கடைசிப் பெட்டியில் டேப் தட்டினால், நாம் மாற்றாத வரை, படிவம் அடுத்த பதிவுக்கு ஓடிவிடும். திரை வெறுமையானதும் தட்டியதெல்லாம் போய்விட்டது என்று பதறி, மறுபடி அதே ஆளைப் பதிவு செய்பவர்கள் உண்டு. ‘சைக்கிள்’ என்ற அமைப்பை ‘கரன்ட் ரெக்கார்டு’ என்று மாற்றினால் இந்தத் தொல்லை தீரும்.

ஒரே கோட்டில் நிறுத்துவது

பெட்டிகளைக் கண் மதிப்பில் நேராக்குவது வீண் வேலை. பெட்டிகளை ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சேர்த்துக்கொண்டு, ‘அலைன் லெஃப்ட்’ கொடுத்தால் அவற்றில் இடக்கோடியில் இருக்கும் பெட்டியோடு மற்றவை வந்து சேரும். இடைவெளியைச் சமமாக்கவும் அகலத்தை ஒன்றாக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருக்கின்றன. லேபிளும் பெட்டியும் ஒட்டியே நகரும். ஒன்றை மட்டும் நகர்த்த அதன் இடது மேல்மூலையில் உள்ள பெரிய சதுரத்தைப் பிடித்து இழுக்க வேண்டும்.

லேபிள் பெட்டிக்கு இடப்பக்கமா, மேலேயா? 2006இல் மட்டேயோ பென்ஸோ என்பவர் கண் அசைவைப் பதியும் கருவியை வைத்து இணையப் படிவங்களைச் சோதித்தார். லேபிள் மேலே இருந்தால் ஒரே பார்வையில் லேபிளும் பெட்டியும் சேர்ந்து பிடிபடுவதைக் கண்டார். தமிழ்ப் படிவத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ‘அடையாள அட்டை எண்’ என்பதைப் பக்கவாட்டில் வைத்தால் பாதித் திரையை அதுவே தின்றுவிடும். ஆனால் லேபிளுக்கு உயரம் தாராளமாகக் கொடுங்கள். ஆங்கில எழுத்துக்கு அளந்த பெட்டியில் ‘தூ’, ‘கூ’ போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படும்.

அகலமும் ஒரு தகவல்

பெட்டியின் அகலம், எவ்வளவு தட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. பின்கோடு ஆறு இலக்கம். அதற்குப் பெயர்ப் பெட்டி அளவு அகலம் கொடுத்தால் முகவரியையே அதில் தட்டுவார்கள். பெயர்ப் பெட்டி போதுமா என்று பார்க்க, குற்றாலக் குறவஞ்சி எழுதிய மேலகரத்துக்காரர் பெயரையே தட்டிப் பாருங்கள்: திரிகூடராசப்பக் கவிராயர். தாலுகா பெட்டிக்கு வீரகேரளம்புதூர். இவை அடங்கினால் மற்றவையும் பெரும்பாலும் அடங்கும்.

ரெடிமேட் படிவங்களில் ‘ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்’ என்று இரண்டு பெட்டிகள் வரும். நம் ஊர்க்காரரிடம் லாஸ்ட் நேம் கேட்டால் ஒருவர் அப்பா பெயரைச் சொல்வார், இன்னொருவர் இன்ஷியலை விரித்துச் சொல்வார். இன்ஷியலுக்குக் குறுகிய பெட்டி, பெயருக்கு அகலமான பெட்டி என்று மாற்றினால் பிரச்சினை முடிந்தது.

மாவட்டத்தைத் தட்டச் சொல்லாமல் பட்டியலிலிருந்து எடுக்க வைப்பது நல்லது. அந்தப் பட்டியலைப் படிவத்துக்குள்ளேயே எழுதி வைக்காமல் தனி அட்டவணையில் வைக்க வேண்டும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 33ஆவது மாவட்டமாகத் தென்காசி உதயமானது. இப்படி ஒரு மாற்றம் வரும்போது, அட்டவணையில் வைத்தவருக்கு ஒரு வரி சேர்த்தால் வேலை முடியும். படிவத்தில் எழுதியவர் ஒவ்வொரு படிவத்தையும் பிரித்துத் திருத்த வேண்டும்.

எப்போதாவது தேவைப்படும் பெட்டிகளை மறைத்து வைக்கலாம். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிகள் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதற்கான பாஸ்போர்ட், விசா பெட்டிகளை ‘வெளிநாட்டவர்’ என்ற செக் பாக்ஸைத் தொட்டால் மட்டும் தெரியும்படி செய்துவிட்டால், மதுரையிலிருந்து வந்தவருக்கு அவை குறுக்கே நிற்காது.

இழுத்து விடுவது எளிது

இன்று படிவம் கட்டுவதற்கு இலவச லிப்ரெஆஃபீஸ் பேஸ் இருக்கிறது. 2006இல் வந்த ஜோஹோ கிரியேட்டர் இருக்கிறது. அதை உருவாக்கிய ஜோஹோவுக்குத் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலேயே அலுவலகம் உண்டு. கிரியேட்டர் போன்ற புதிய கருவிகளில் பெட்டியை இழுத்து விட்டால் அதுவே நேராக உட்கார்ந்துகொள்ளும். எதை முதலில் கேட்பது என்பதை மட்டும் கருவி தீர்மானிக்காது. கவுண்டரில் மேனேஜர் வாய்விட்டுக் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை பேர்? எத்தனை நாள்?” என்றால், படிவத்தின் முதல் பெட்டியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அட்டவணையில் அது ஒன்பதாவது பத்தியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

படிவம் முடிந்ததும் அதைக் கட்டியவர் சோதிக்கக் கூடாது. அவருக்கு எல்லாம் மனப்பாடம். தினமும் தட்டப்போகிறவரை உட்கார வைத்து, பழைய லெட்ஜரிலிருந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள். அவர் கை கீபோர்டை விட்டு மவுஸைத் தேடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன.