தீவுக்குப் புறப்படும் மாதம்

இன்று அரியலூர் மாவட்டத்து எல்லைக்குள் கிடக்கும் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராஜேந்திர சோழனுடைய மெய்க்கீர்த்தியில் ஈழமும் நக்கவாரமும் கடாரமும் பேசப்படுகின்றன என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் பாய்மரத்தை மாத்திரம் நம்பிச் சமுத்திரம் கடந்த அந்தக் கப்பற்படை, போவதற்கு ஒரு காற்றையும் திரும்புவதற்கு வேறொரு காற்றையும் எதிர்பார்த்துக் காத்திருந்து, மாதம் பார்த்தே நங்கூரம் எடுத்திருக்க வேண்டும் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. அரசனுடைய ஆக்ஞைக்கும் பணியாத அந்தக் காற்று, இன்று விமானச் சீட்டு வாங்குகிறவனுக்காகத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டுவிடவில்லை.

பெரம்பலூரும் அரியலூரும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கிறவர்களும், சிமெண்டு ஆலைகளில் உழைக்கிறவர்களும், சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு குடும்பத்தோடு ஒரு தீவைப் பார்த்துவர வேண்டும் என்று ஆசைப்படும் காலம் இது. அந்த ஆசை முற்றிலும் நியாயமானது. பாம்பன்காரர்களைப்போல் தினந்தோறும் கடலின் முகத்தைப் பார்த்து வளராதவர்கள் ஆகையால், எந்த மாதம் புறப்படுவது என்பதை நாம் பெரும்பாலும் இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். ஒருவர் பள்ளிக்கூடத்து விடுமுறை அட்டவணை; மற்றவர் டிராவல்ஸ்காரர். முன்னவருக்குக் கடலைப் பற்றித் தெரியாது. பின்னவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

நமக்கு அருகிலுள்ள பெரிய தீவாகிய இலங்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 'இலங்கைக்குப் போவதற்கு நல்ல மாதம் எது?' என்ற வினாவுக்கு ஒரே விடை கிடையாது. ஏனென்றால் நடுவில் மலைநாட்டைக் கொண்ட அந்தத் தேசத்தில் இரண்டு பருவமழைகள் இரண்டு வேறு பக்கங்களை முறைவைத்து நனைக்கின்றன. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் வீசும் தென்மேற்குக் காற்று கொழும்பு, காலி முதலிய மேற்குக் கரையையும் தென்மேற்குக் கரையையும் மழையில் ஆழ்த்தும்போது, யாழ்ப்பாணமும் திருகோணமலையும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மார்கழியிலிருந்து மாசி வரையில் வடகிழக்குக் காற்று கிழக்கையும் வடக்கையும் நனைக்கும்போது, தென்மேற்குக் கரையில் கடல் அமைதியாகி வானம் தெளிந்திருக்கும். ஆகவே கோணேசர் கோயிலைத் தரிசித்துத் திருகோணமலைக் கரையில் பிள்ளைகளை விளையாட விடுவது நோக்கமானால் ஆனி, ஆடி மாதங்களும், காலிக் கோட்டையையும் கண்டியையும் பார்ப்பது நோக்கமானால் தையும் மாசியும் உசிதமானவை. இதை நமக்கு முன்பே அத்தீவின் மக்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அவர்களுடைய உற்சவங்களே சாட்சி. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா ஆடி ஆவணியில், வடக்கு வறண்டிருக்கும் காலத்தில் நடக்கிறது. சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரையோ மார்கழிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடிந்துவிடுகிறது. தென்மேற்கு மழை தொடங்கியபின் அந்த மலையில் பக்தர் கூட்டம் இல்லை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஆகாத காலம் ஒன்று உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் தீவு முழுவதும் மழை பெய்யும் மாதங்கள். வங்கக்கடலில் புயல்கள் பிறக்கும் மாதங்களும் அவையே. 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த புயலும், 2025 நவம்பர் இறுதியில் மலைநாடெங்கும் மண்சரிவையும் வெள்ளத்தையும் உண்டாக்கி நூற்றுக்கணக்கானவர்களைப் பலிகொண்ட டித்வா புயலும் இந்தப் பருவத்தில் வந்தவை. மார்கழியின் முற்பகுதியையும் இதனோடு சேர்த்துக்கொள்வதே விவேகம். தனுஷ்கோடியை ஒரே இரவில் கடல் கொண்டதும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் வண்டியை அதிலிருந்தவர்களோடு அலை விழுங்கியதும் 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவில்.

கார்த்திகைத் தண்ணீரின் வலிமையைப் பற்றி அரியலூர்க்காரருக்கு வெளியூரார் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலமிழந்து, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்ட துயரத்தை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததைத் தேசமே மறக்கவில்லை. கோடையில் மணல் மாத்திரம் தெரியும் ஒரு சிற்றாறே அந்த மாதத்தில் அவ்வாறு ஆகக்கூடுமானால், அதே மாதத்தில் நடுக்கடலில் ஒரு சிறு கப்பல் என்ன பாடுபடும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டங்களிலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பயணிகள் கப்பலின் சரித்திரமே இதற்குத் தக்க உதாரணம். பல ஆண்டுகள் பேசப்பட்ட அந்தச் சேவை 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியாபாணி' என்ற கப்பலைக் கொண்டு கோலாகலமாகத் தொடங்கப்பெற்று, வடகிழக்குப் பருவமழையின் காரணமாகச் சில நாட்களுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது; 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறொரு கப்பலைக்கொண்டு மீண்டும் தொடங்கி, அவ்வாண்டு மழைக்காலத்தில் மறுபடியும் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்பவும் ஓடலாயிற்று. கப்பல் நடத்துவோரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நிறுத்தியது பிரயாணிகளின் உயிரைக் காத்த செயல். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் சீட்டையும் அங்கே தங்கும் அறையையும் முன்பணம் கட்டிப் பதிவு செய்கிறவர், கப்பல் ஓடாமற்போகலாம் என்ற சாத்தியத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

அந்தமானைப் பற்றி இங்குள்ள விளம்பரங்கள் அதிகம் பேசுகின்றன. இந்தியாவின் மற்ற நிலப்பகுதிகளுக்கு முன்பே, மே மாதத்தின் பிற்பகுதியிலேயே தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் தொடர்கிறது. தை பிறந்து சித்திரை முடியும் வரையில் உள்ள காலமே அங்கே வறண்டதும் கடல் தெளிந்ததுமான காலம். இதனால்தான் ஆனி, ஆடியில் பாதி விலைக்கு அந்தமான் என்று 'ஆஃப் சீசன் ஆஃபர்' நோட்டீசுகள் நம் கைக்கு வருகின்றன. விலை குறைந்ததற்குக் காரணம் விற்பவரின் தயாளம் என்று எண்ணிவிடலாகாது. அரையாண்டு விடுமுறைக்கு விற்கப்படும் டிசம்பர்ப் பயணங்களிலும் எச்சரிக்கை வேண்டும். 2016 டிசம்பர் முதல் வாரத்தின் இறுதியில், பின்னர் 'வர்தா' என்ற பெயரோடு சென்னையைத் தாக்கிய அந்தப் புயல் குறைந்த காற்றழுத்தமாக அந்தமானை ஒட்டி நின்றபோது, ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு சிறு தீவுகளில் (இன்று ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர்) ஆயிரத்துக்கும் மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் படகுப் போக்குவரத்தின்றி நாட்கணக்கில் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் சென்று அவர்களை மீட்டன.

நல்ல மாதம் எல்லா அபாயத்தையும் நீக்கிவிடும் என்று நினைப்பதும் தவறு. 2014 ஜனவரி 26-ஆம் தேதி, கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில், போர்ட் பிளேயருக்கு அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து சென்ற நம் தமிழர்கள். அந்தப் படகு ஏற்றத்தக்க அளவை மீறி ஆட்களை ஏற்றியிருந்தது. படகில் ஏறுமுன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்பதும், ஒவ்வொருவருக்கும், குழந்தைக்குத் தக்க அளவிலும்கூட, உயிர்காப்புச் சட்டை வேண்டும் என்று வற்புறுத்துவதும், இல்லையென்றால் ஏற மறுப்பதும் மரியாதைக் குறைவான செயல்கள் அல்ல. கூட வந்தவர்கள் 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று கடிந்துகொண்டாலும், அந்த ஒரு நிமிஷத்தின் சங்கடத்தைப் பொருட்படுத்தாமல் நில்லுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டையும் மதிக்க வேண்டும்: முதலாம் எண் கூண்டு தொலைவில் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டதை அறிவிப்பது; பதினோராம் எண், எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போனதைக் காட்டுவது.

இனி உரிமையையும் பரிகாரத்தையும் பற்றிக் கூற வேண்டும். மழை பெய்ததற்காக எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது; மழைக்காலம் என்று அறிந்தே அதை மறைத்து, 'வருஷம் முழுவதும் ஏற்ற பருவம்' என்று அச்சடித்து விற்றவர் விஷயம் வேறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தான் வாங்கும் சேவையின் தன்மையையும் தரத்தையும் அறிந்துகொள்ளும் உரிமையை வாங்குகிறவருக்கு அளித்திருப்பதோடு, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்தையும் சேவைக் குறைபாட்டையும் புகாருக்குரியவை ஆக்கியிருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதே அச்சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறை. ஆகையால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே ரசீதும், எந்தெந்த நாளில் எந்தெந்த இடம் என்ற விவரமும், கப்பலோ படகோ ஓடாவிட்டால் எவ்வளவு தொகை எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்ற நிபந்தனையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர், நம் ஊர்ப் பையன் என்ற தாட்சணியத்தால் எழுத்துக் கேட்கக் கூச்சப்படுவது நம் பகுதியின் நல்ல சுபாவங்களில் ஒன்றே ஆயினும், இந்த ஒரு காரியத்தில் அதை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

விமானம் ரத்தானால் நிலைமை இது: வானிலை போன்ற தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் ரத்துச் செய்த விமானக் கம்பெனி நஷ்டஈடு தரக் கடமைப்பட்டதில்லை, எனினும் கட்டணத்தைத் திருப்பித் தரவோ மாற்று விமானத்தில் இடம் அளிக்கவோ அது கடமைப்பட்டிருக்கிறது. இரண்டையும் மறுத்தால் மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் முறையிடலாம். பெரம்பலூருக்கு ரயில் நிலையம் இல்லாமையால் அங்குள்ளவர்களும் அரியலூர் சென்றோ திருச்சி சென்றோ ரயில் ஏறுகிறார்கள். வெள்ளத்தால் ரயில் ரத்தானால் முழுக் கட்டணமும் திரும்பும், புறப்படும் நிலையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பிரயாணம் செய்யவில்லையென்றாலும் உரிய முறையில் விண்ணப்பித்து முழுத் தொகையைப் பெறலாம். பிரயாணக் காப்பீடு எடுப்பதானால் பயணத்தைப் பதிவு செய்யும்போதே எடுத்துவிட வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்தபின் எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் பயன்படாது. காப்பீட்டுக் கம்பெனி நியாயமின்றிக் கோரிக்கையைத் தள்ளினால், முதலில் அக்கம்பெனிக்கே எழுதிப் பார்த்து, பலனில்லையானால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

டிராவல்ஸ்காரர் பணத்தைத் திருப்பித் தராதபோது முதலில் செய்யத்தக்கது, நடந்ததைச் சுருக்கமாக எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துவது. அடுத்தது, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்குத் தொலைபேசியில் சொல்வது. தகராறுகள் பல இந்தப் படியிலேயே தீர்ந்துவிடுகின்றன. தீராதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். பலரும் அறியாத ஒரு சலுகை இங்கே இருக்கிறது: பணம் வாங்கியவருடைய அலுவலகம் சென்னையிலோ டில்லியிலோ இருந்தாலும், புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கைத் தாக்கல் செய்யலாம். ஜெயங்கொண்டத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தின் வழியாக வீட்டிலிருந்தபடியே மனுச் செய்யவும் இடமுண்டு. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

தொலைபேசியில் வந்த விளம்பரத்தை நம்பி முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பி, பின்பு அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று அறிந்தவர்கள் இவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது. அது சேவைக் குறைபாடு அன்று, மோசடி. அறிந்த அந்த நிமிஷமே இணையவழி மோசடிக்கான உதவி எண்ணாகிய 1930-க்குச் சொல்லி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற விவரங்களைக் கொடுத்தால், பணம் வேறு கை மாறுமுன் அந்தக் கணக்கை வங்கி முடக்கிவைக்க வழி உண்டு. வெட்கத்தால் இரண்டு நாள் வீட்டாரிடமே மறைத்துவிட்டு மூன்றாம் நாள் காவல் நிலையத்துக்குப் போகிறவருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.