ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் படிக்கச் செல்ல: விண்ணப்பிக்கும் முன் அறிய வேண்டியவை

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். அமெரிக்காவின் முன்னணி தனியார் பல்கலைக்கழகங்களிலோ தங்குமிடம், உணவு சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. எனவே ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளை அமெரிக்கா செல்ல விரும்பினால், பணத்துக்கு என்ன வழி என்று பெற்றோர் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடைக்காது. ஜெர்மன் அரசின் 'பாஃபெக்' உதவியில் பொதுவாகப் பாதி மானியம், பாதி வட்டியில்லாக் கடன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படிப்பவர்களுக்கு அது வழக்கமாக ஓராண்டுக்கே கிடைக்கும். நான்காண்டுப் பட்டத்துக்கு அது போதாது.

எஞ்சியிருப்பது பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவரின் வசதியைப் பார்க்காமல் சேர்க்கையை முடிவு செய்கின்றன. சேர்ந்தவருக்குத் தேவையான உதவியையும் முழுமையாகத் தருகின்றன. ஆனால் இங்கே இடம் கிடைப்பது மிகக் கடினம். மற்ற பல இடங்களில் உதவி கேட்பதே சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். அதற்காகக் கேட்காமல் விட்டால், பிறகு கேட்க முடியாமல் போகலாம். ஆகவே குடும்ப வருமானத்தையும் வரி ஆவணங்களையும் உள்ளபடியே காட்டுங்கள்.

மதிப்பெண்ணும் பரிந்துரையும்

ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 வெறும் தேர்ச்சி. அமெரிக்காவில் 4.0தான் உச்சம். குழப்பத்துக்கு அஞ்சி நீங்களே மாற்றிக் கணக்கிட வேண்டாம். பள்ளிச் சான்றிதழ்களில் உள்ளபடியே கொடுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பை இணையுங்கள்.

ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும். ஜெர்மன் பள்ளிகளில் இது வழக்கமல்ல. எனவே சில மாதங்களுக்கு முன்பே கேட்டு, மாணவரைப் பற்றிய எடுத்துக்காட்டுகளுடன் எழுத வேண்டும் என்று விளக்குங்கள். சாட் தேர்வு எல்லா இடத்திலும் கட்டாயமில்லை, ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் அதை மீண்டும் கேட்கின்றன.

காலக்கெடு

பல பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி முதல் வாரம் கடைசி நாள். மார்ச் இறுதிக்குள் முடிவு தெரியும். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அபிட்டூர் முடிவுகள் பெரும்பாலும் ஜூனில்தான் வரும். அதாவது பள்ளி இறுதி மதிப்பெண் தெரியும் முன்பே குடும்பம் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

விசா

பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தைக் கொண்டு 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, எஃப்-1 விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தாலும் சுற்றுலாவுக்கான எஸ்டா அனுமதியில் சென்று பட்டப் படிப்பு படிக்க முடியாது. விண்ணப்பத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்போர் அக்கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். எதையும் மறைக்காமல் குறிப்பிடுவதே பாதுகாப்பு.

கையிலுள்ளதை விட வேண்டாம்

விசா தாமதமாகலாம், மறுக்கவும்படலாம். ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்துக்கான விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் ஜூலை 15 கடைசி நாள். அமெரிக்காவில் இடம் கிடைத்தாலும் அங்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். ஜெர்மனியில் பட்டம் படித்துக்கொண்டே, பல்கலைக்கழகங்களின் பரிமாற்ற ஒப்பந்தம் வழியாக அமெரிக்காவில் ஓரிரு பருவம் படிக்கலாம். அந்த வழியில் பெரும்பாலும் அமெரிக்கக் கல்விக் கட்டணம் விலக்கப்படும். பாஃபெக் உதவியின் ஓராண்டும் அதற்குப் போதுமானது. பல குடும்பங்களுக்கு இதுவே கடன் சுமை இல்லாத வழி.